கடைசி பெஞ்சுக்குக் கேட்கிறதா?

முதல் விலகல் கடிதத்துக்குத் தராசு சார் தொண்ணூற்றிரண்டு மதிப்பெண் போட்டார்.

மதிப்பெண்ணை யாரும் கேட்கவில்லை. "இம்மாணவர் என் வகுப்பிலிருந்து விலகுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் அது முப்பது வருடம் சிவப்புப் பேனா பிடித்த கை. காரணங்களை அந்தப் பையன் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கியிருந்த அழகைப் பார்த்ததும், அது தன்பாட்டுக்கு ஓரத்தில் ஒரு 'சரி' போட்டது. அடுத்த பத்திக்கு இன்னொரு 'சரி'. "நல்ல முடிவு. இன்னொரு மாற்று வழியையும் யோசித்திருக்கலாம்" என்று எழுதி, மதிப்பெண் போட்டு, அதைச் சுற்றி வட்டமும் போட்டு முடித்த பிறகுதான், அந்த நல்ல முடிவு தன்னை விட்டுப் போவது என்பது சாருக்கு உறைத்தது.

பாடத்தின் பெயர் முடிவெடுக்கும் திறன். அந்த வணிகக் கல்லூரியின் மாலைப் பிரிவில் அது ஒரு விருப்பப் பாடம். பிடித்தால் எடுக்கலாம், பிடிக்காவிட்டால் பருவத்தின் நடுவில்கூடக் காரணம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கழன்றுகொள்ளலாம். நடத்துகிறவர் பணி ஓய்வு பெற்ற பேராசிரியர். மாதச் சம்பளம் கிடையாது; பருவம் முடிந்ததும் ஏதோ ஒரு தொகையை மொத்தமாகக் கொடுப்பார்கள். எந்தச் சிக்கலை யார் சொன்னாலும் கரும்பலகையில் முதலில் ஒரு தராசு வரைந்துவிடுவார். இந்தத் தட்டில் இது, அந்தத் தட்டில் அது. அதனால் தராசு சார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பாடம் தொடங்குமுன் கழுத்தை எக்கி, "கடைசி பெஞ்சுக்குக் கேக்குதா?" என்பார். நாற்பது பேர் உட்கார்ந்திருந்த காலத்தில் அதற்கு யாரும் பதில் சொன்னதில்லை.

கடிதம் கொடுத்தவன் முன் வரிசைப் பையன். குறுக்குக் கேள்வியாகவே கேட்பதால் வகுப்பில் அவனுக்கு வக்கீல் என்று பெயர். வினை முந்தைய நாள் பாடத்தில்தான் தொடங்கியது.

"டிக்கெட் வாங்கி ஒரு படத்துக்குப் போறீங்க. படம் சகிக்கல. பாதியில எழுந்து வருவீங்களா, உட்கார்ந்திருப்பீங்களா?" என்று கேட்டார் சார்.

"உட்கார்ந்திருப்போம் சார். காசு குடுத்திருக்கோம்ல."

"காசு போனது போனதுதான். உட்கார்ந்திருந்தா கூடவே நேரமும் போகும். போனதை நெனச்சு எடுக்கற முடிவு எப்பவும் தப்பு முடிவு."

வக்கீல் எழுந்தான். "இது சினிமாவுக்கு மட்டுமா சார், எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"கட்டின ஃபீஸுக்கும்?"

"ஃபீஸுக்கும்தான்."

"சந்தேகம் தீர்ந்தது சார்" என்று உட்கார்ந்தான் வக்கீல்.

ஒரு பிள்ளைக்காவது சந்தேகம் தீர்ந்ததே என்று அன்று சாருக்குப் பூரிப்பு. மறுநாள் மேசையில் கடிதம்.

அதற்கடுத்த நாள் ஐந்து கடிதங்கள். தொண்ணூற்றிரண்டு வாங்கிய கடிதத்தை வக்கீல் எல்லாருக்கும் காட்டியிருக்கிறான். ஐந்தும் அதே வார்ப்பு, ஆனால் ஐந்திலும் அந்த 'இன்னொரு மாற்று வழி' சேர்க்கப்பட்டிருந்தது. சொன்னதைக் கேட்டுத் திருத்திக்கொள்கிற மாணவர்களை எந்த ஆசிரியரால் குறைத்துப் போட முடியும்? ஐந்து பேருக்கும் தொண்ணூற்றைந்து.

சாரின் வீடு ஒரு அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில். கதவைத் திறந்ததும், விளக்கைப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை இருமுவார். ஆள் வந்தாயிற்று என்று வீட்டுக்குத் தெரிவிக்க. இரவுக்கு ரொட்டியும் முட்டையும். ஒரு முட்டையை மட்டும் வேகவைத்தால் அது பாத்திரத்தில் அங்கும் இங்கும் முட்டிக்கொண்டு தனியாகச் சத்தம் போடும். அதனால் எப்போதும் இரண்டு. சாப்பாட்டு மேசைக்கு இரண்டு நாற்காலிகள். மனைவி இருந்தவரை எதிர் நாற்காலியில் மனைவி. அதன் பிறகு பழைய செய்தித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிடுவாள். அவள் இருப்பது வேறொரு ஊர், ஓர் இரவுப் பயணம்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ஆச்சும்மா."

"வகுப்புல இப்போ எத்தனை பேர்?"

"முப்பத்திநாலு."

"போன வாரம் நாப்பதுன்னீங்க."

"வடிகட்டியிருக்கு. நல்லதுதான்."

"அப்பா, எதுக்கு இந்த அலைச்சல்? இங்க வந்துடுங்க. உங்க ரூம் அப்படியே இருக்கு."

அந்த அறை அவருக்குத் தெரியும். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அடுத்த அறை. போன தடவை போயிருந்தபோது, காலையில் பெருக்குகிற பெண் வந்ததும் கூடத்து நாற்காலியிலிருந்து எழுந்து பால்கனிக்குப் போனார். அவள் பால்கனிக்கு வந்ததும் சமையலறை ஸ்டூலுக்குப் போனார். சாயங்காலத்துக்குள் அந்த வீட்டில் உள்ள எல்லா இருக்கைகளிலும் உட்கார்ந்து முடித்துவிட்டார். மாப்பிள்ளை தங்கமானவர், மாமனாரைக் கண்டால் டிவியை அணைத்துவிட்டு எழுந்து நிற்பார். மனிதர் எத்தனை தடவைதான் எழுந்திருப்பார் என்று, இவர் அறையை விட்டு வெளியே வருவதையே குறைத்துக்கொண்டார். நான்கு நாள் இருந்தும் அங்கே யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா என்பதைத் தவிர.

"காலேஜ்ல வகுப்பை நிறுத்திட்டாங்கன்னா மறுநாளே கிளம்பி வந்துடறேன்மா" என்றார் சார். "ஆனா ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தாலும் விட்டுட்டு வர முடியாது. அது நியாயம் இல்லை."

"சத்தியமா?"

"சத்தியமா."

மகளுக்குக் கணக்கு நன்றாக வரும். வாரத்துக்கு ஆறு பேர் என்று மனதுக்குள் போட்டுப் பார்த்து, போனை வைக்கும்போது சந்தோஷமாகவே வைத்தாள்.

தராசு சாரும் அதே கணக்கைப் போட்டார். அவருக்குச் சந்தோஷமாக இல்லை. ஓட்டையை அடைக்க ஒரு பாடம் யோசித்தார்.

"ஒண்ணைச் செய்யறோம்னா இன்னொண்ணை விட்டுக்கொடுக்கறோம். அதுதான் அதோட உண்மையான விலை" என்று தொடங்கினார். "இந்த ஒரு மணி நேரம் இங்க வராட்டி என்ன செய்வீங்கன்னு எழுதுங்க. உண்மையை எழுதணும்."

அவர் போட்ட திட்டம் எளிது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு மனிதனுக்கு வேறு என்ன வேலை இருந்துவிட முடியும்? ஜன்னல் ஓரம் நிற்கலாம். எதிர் மாடியில் யார் துணி எடுக்கிறார்கள் என்று பார்க்கலாம். இதை எழுதிப் பார்த்தால் வகுப்பின் அருமை பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

தாள்களை வாங்கிப் படித்தார். கார் ஓட்டக் கற்றுக்கொள்வேன். அண்ணன் கடையைப் பார்த்துக்கொள்வேன். பந்து விளையாடுவேன். அம்மாவை நடைக்குக் கூட்டிப் போவேன். ஒருவன், "ஒருத்தர் காத்திருப்பார்" என்று மட்டும் எழுதியிருந்தான்.

"யார் காத்திருப்பாங்க?" என்று சார் கேட்டார்.

"அதைக் கேக்காதீங்க சார்."

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். காத்திருக்க ஒருத்தர் இருக்கிறவனை எந்தத் தட்டில் எதை வைத்து இங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாரையும்விட அவனுக்குத்தான் அதிக மதிப்பெண் போட்டு அனுப்பினார். அந்த வாரம் போனவர்கள் பதினாறு பேர்.

அடுத்த வாரம் வேறு வழியில் அணை போட்டார். கூட்டத்தோடு போகாதே என்பது பாடம். "நாலு பேர் செய்யறாங்கன்னு நாமளும் செய்யறது முடிவே இல்லை. அது ஆட்டு மந்தை. நீங்க எடுக்கற முடிவுக்குக் காரணம் உங்ககிட்டதான் இருக்கணும், பக்கத்துல உட்கார்ந்திருக்கறவன்கிட்ட இல்லை."

போனவர்களைப் பார்த்து இருப்பவர்களும் போகக் கூடாது என்பது அவர் உள்நோக்கம். நடு வரிசையில் எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கும் இரண்டு பையன்கள், உறவு எதுவும் இல்லாவிட்டாலும் இரட்டையர் என்று பெயர் வாங்கியவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார், ஒரு சந்தேகம். நான் இங்க இருக்கறதே இவன் இருக்கான்னுதான்" என்றான் ஒருவன்.

"டேய், நான் நீ இருக்கேன்னுதான்டா இருக்கேன்" என்றான் மற்றவன்.

இருவரும் நோட்டுகளை எடுத்து வைத்தார்கள். பிறகு பைகளை மூடினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு வரிசை முழுக்க அதே கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்வது சாருக்குத் தெரிந்தது.

இத்தனைக்கும் நடுவில் நன்றாகப் போனது ஒரே ஒரு வாரம். எந்நேரமும் மேசையில் தலை சாய்த்திருக்கும் பையன் ஒருவன் கடிதம் கொடுத்தான். ஒரே வரி: "எனக்குத் தூக்கம் வருகிறது."

"கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் சார்.

"ஏன் சார்?"

"முடிவு சரி. காரணம் போதாது. திருத்தி எழுதிட்டு வா."

திருத்தி எழுதி வந்தான். மாற்று வழிகள் இல்லை என்று திருப்பி அனுப்பினார். மாற்று வழிகளோடு வந்தான். எதிர்த்தரப்பு வாதம் எங்கே என்று கேட்டார். வகுப்பு முடிந்த பிறகு அந்தத் தூக்கக்காரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வகுப்பை விட்டு எப்படிப் போவது என்று சார் சொல்லிக் கொடுத்தார். அவனும் விழித்துக்கொண்டான். "சார், இதை முதல்ல வெச்சா இன்னும் பலமா இருக்கும்ல?" என்று அவனே கேட்கிற அளவுக்கு வந்துவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தொண்ணூற்றாறு வாங்கி, சாரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கிப் போனான்.

அவனுடைய முந்தைய பிரதிகள் மேசையில் கிடந்தன. சார் அவற்றை மடித்துப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அதன் பிறகு மிச்சம் ஒரே ஒருவர்.

கடைசி பெஞ்சில், சுவர் ஓரமாக உட்காரும் பெண்மணி. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஒரு செருப்புக் கடையில் பில் போடுகிறவர். முதல் நாள் அறிமுகத்தில், "சும்மா தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்" என்று சொல்லி உட்கார்ந்தவர், அதற்கப்புறம் வாயைத் திறந்ததில்லை. வகுப்பு காலியான பிறகும் இடத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவருக்கும் சாருக்கும் நடுவில் பதினோரு வரிசை வெற்று பெஞ்ச்.

"கடைசி பெஞ்சுக்குக் கேக்குதா?" என்று சார் பழக்கதோஷத்தில் கேட்டார்.

"கேக்குது சார்."

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்கு வந்த முதல் பதில். சாருக்கு அடுத்து என்ன சொல்வதென்று ஒரு கணம் மறந்துபோயிற்று.

"சரி, மூணு மூணு பேராப் பிரிஞ்சு பேசுங்க" என்றுவிட்டார், அதுவும் பழக்கதோஷம்.

அந்த அம்மா வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். "பேசியாச்சு சார்" என்றார்.

மூன்று பேர் வேண்டும் என்பதற்காகச் சார் அட்டெண்டரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அறை திறக்க, பூட்ட, சாக்பீஸ் எடுத்துவர, டீ வாங்கிவர என்று மாலைப் பிரிவுக்கே இருந்த ஒரே ஆள் அவர். நல்ல மனிதர். ஆனால் எதையும் இதுதான் என்று அறுத்துச் சொல்லத் தெரியாதவர். டீயா காபியா என்று கேட்டால் இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்.

"நீங்க ஒரு கம்பெனி முதலாளி. நஷ்டத்துல ஓடற கிளையை மூடணுமா வேண்டாமா?" என்று சார் அவரைக் கேட்டார்.

"அங்க வேலை பார்க்கறவங்க என்ன சார் சொல்றாங்க?"

"அவங்களுக்கு இன்னும் தெரியாது."

"அப்போ நாளைக்குச் சொல்றேன் சார்."

மழை தொடங்குகிற சமயத்தில் கல்லூரியில் சில மாற்றங்கள். ஒரு நாள் சார் வந்தபோது வழக்கமான அறை பூட்டியிருந்தது.

"லைட் ரிப்பேர் சார்" என்று அட்டெண்டர் அவரை மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப் போனார். உடைந்த நாற்காலிகள் ஒரு பக்கம் அடுக்கியிருந்தன. நான்கு பெஞ்ச், ஒரு பலகை. வருகைப் பதிவேடு எங்கே என்று கேட்டதற்கு, "புதுசு இன்னும் வரல சார். ஒரு ஆள்தானே, ஞாபகம் வெச்சுக்கலாம்" என்றார். சாக்பீஸை அலமாரியிலிருந்து எடுக்காமல் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அறிவிப்புப் பலகையில் கால அட்டவணையைக் காணோம், ஒழுகி நனைந்துவிட்டதாம். அலுவலகம் சாயங்காலம் சீக்கிரமே மூடிவிடுகிறார்களாம்.

ஒரு ஆளுக்கு நடக்கிற வகுப்புக்கு எந்தக் கல்லூரியும் இதற்கு மேல் மரியாதை செய்யாது என்று சார் சமாதானம் செய்துகொண்டார். நிறுத்தாமல் விட்டிருக்கிறார்களே, அதுவே பெரிது.

நல்ல மாற்றங்களும் இருந்தன. சின்ன அறை என்பதால் கடைசி பெஞ்ச் இப்போது கூப்பிடு தூரத்தில். அந்த அம்மா குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டார். நோட்டுப் புத்தகமே கொண்டுவருவதில்லை. கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்துக் கேட்டார். பாடம் மனதில் ஏறுகிறவர்களுக்குத்தான் நோட்டுத் தேவைப்படாது என்று சார் மகளிடம் பெருமையாகச் சொன்னார். ஒரு நாள் அந்த அம்மா ஒரு பொட்டலம் பிஸ்கட் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். அட்டெண்டர் டீ ஊற்றினார். மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டே நஷ்டத்தில் ஓடும் கிளையைப் பற்றிப் பேசினார்கள். அது இன்னும் மூடப்படவில்லை.

"ஒரு ஆள்தானாப்பா இன்னும்?" என்று மகள் கேட்டாள்.

"ஒரு ஆள்தான். ஆனா ஒரு நாள் தப்பாம வர்றாங்க."

"அவங்களுக்கு வேற வேலையே இல்லையாப்பா?"

சார் பேச்சை மாற்றினார். அந்தக் கேள்வி அவரோடு வீட்டிலேயே தங்கிவிட்டது.

அட்டெண்டரிடமும் ஏதோ ஒன்று இருந்தது. அறையைப் பூட்டும்போதெல்லாம், "சார், ஒரு விஷயம்" என்று ஆரம்பிப்பார். சார் நின்று திரும்புவார். அட்டெண்டர் அவர் முகத்தைப் பார்ப்பார். "குடை எடுத்துக்கிட்டீங்களா சார்?" என்று முடிப்பார். நான்கைந்து தடவை இப்படி ஆனதும் சாருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, மனசுல எதையோ வெச்சுக்கிட்டுத் தவிக்கறீங்க. வீட்ல ஏதாவதா?"

"வீட்ல ஒண்ணும் இல்ல சார். ஒருத்தர்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்ல வரமாட்டேங்குது."

சாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. படிக்கட்டில் நின்றபடியே பாடம் எடுத்தார். "சொல்ல வேண்டியதை ஏன் சொல்லாம இருக்கோம் தெரியுமா? விஷயத்துக்குப் பயந்து இல்லை. சொன்னதும் அவர் முகம் எப்படிப் போகும்னு நெனச்சுப் பயப்படறோம்."

"ரொம்பச் சரி சார். அந்த முகம்தான் பிரச்சினை."

"ஆனா நாள் தள்ளத் தள்ள சொல்றது கஷ்டம் ஆகும். இன்னைக்குச் சொன்னா ஒரு வருத்தம். அடுத்த மாசம் சொன்னா, 'ஏன்யா இத்தனை நாள் சொல்லல'ன்னு ரெண்டு வருத்தம். அதனால நாளைக்கே சொல்லிடுங்க."

"நாளைக்கே சொல்லிடறேன் சார்" என்றார் அட்டெண்டர். மறுநாள் சார் வந்ததும் இரண்டு கையிலும் இரண்டு டீயோடு நின்றார். ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் இல்லை.

பெரிய மழை பெய்தது ஒரு வியாழக்கிழமை. தெருவில் கணுக்கால் தண்ணீர். இன்று அந்த அம்மா வர மாட்டார் என்று நினைத்தபடியே சார் கிளம்பினார். வந்துவிட்டால் அறையில் ஆள் இருக்க வேண்டுமே. வந்திருந்தார். சேலையின் கீழ்ப்பாதி நனைந்து, குடை ஒரு பக்கம் மடங்கி, இருமிக்கொண்டு, கடைசி பெஞ்சில்.

"கேக்குதா?" என்றார் சார், வழக்கத்தைவிட மெதுவாக.

"கேக்..." என்று தொடங்கி இருமினார் அந்த அம்மா. "கேக்குது சார்."

சார் பலகையில் தராசு வரைந்தார். அன்றைய பாடத்துக்காக வரைந்ததுதான். ஆனால் வரைந்த பிறகு கை நகரவில்லை. ஒரு தட்டில் இருப்பதெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது: இந்த அம்மாவின் இருமல், பகல் முழுக்க நின்று பில் போட்ட கால், இனி பிடிக்க வேண்டிய பஸ், ஈரச் சேலை. மறு தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். தான் மட்டும்தான் இருந்தார். தான், தன் ஆறு மணி, தன் ஜன்னல்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்கம்மா" என்றார் சார். "இந்தப் படிப்பை முடிச்சா கடையில உங்களுக்கு ஏதாவது உயர்வு உண்டா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்."

"வீட்ல யாராவது படிக்கச் சொன்னாங்களா?"

"வீட்ல டிவிதான் சார் இருக்கு. அது எதுவும் சொல்லாது."

"பின்ன எதுக்கு இந்த மழையில வர்றீங்க?"

அந்த அம்மா ஈரமான குடையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "கடையில காலையிலேர்ந்து எல்லாரும் என்கிட்ட பேசிக்கிட்டேதான் சார் இருக்காங்க. சைஸ் இல்லையா, வேற கலர் இல்லையா, ஏன் இவ்வளவு நேரம்னு. கேக்குதான்னு யாரும் கேக்கறதில்லை. நீங்க கேக்கறீங்க."

சார் தலையாட்டினார். முப்பது வருட அனுபவத்தில் மாணவர்கள் மனம் நோகாமல் சொல்கிற பொய்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. இது அந்த வகையில் மிக நேர்த்தியான பொய் என்று தீர்மானித்தார். பாவம், கிழவன் தனியாக நிற்பானே என்று வருகிறார். எழுந்து போகத் தெரியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறார். ஊருக்கெல்லாம் விலகச் சொல்லிக் கொடுத்தேன், இவருக்கு மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்று பாடத்தைச் சீக்கிரம் முடித்தார்.

வீட்டுக்கு வந்து, இருமி, விளக்கைப் போட்டு, எதிர் நாற்காலியிலிருந்த செய்தித்தாள்களை எடுத்துக் கீழே வைத்தார். யாரையோ எதிரே உட்கார வைத்துப் பேச வேண்டும்போல் இருந்தது. பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே ஒரு விலகல் கடிதம் எழுதினார். முடிவெடுக்கும் திறன் வகுப்பை இத்துடன் நிறுத்திவிடும்படி கல்லூரியைக் கேட்டுக்கொள்கிறேன். காரணங்கள். மாற்று வழிகள். எதிர்த்தரப்பு வாதம் என்று ஒரு பத்தி எழுதினார். அது மற்ற எல்லாவற்றையும்விட நீளமாகப் போய்விட்டது. அடித்து, சுருக்கி, படித்துப் பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்து, "காரணம் சரி. உணர்ச்சி கொஞ்சம் அதிகம்" என்று ஓரத்தில் எழுதி, எண்பத்தெட்டு போட்டார்.

மகளுக்குப் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை இல்லாததால் அவள் பயந்துபோனாள்.

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. அந்த ரூம்ல துணி துவைக்கற மெஷின் சத்தம் ராத்திரியும் கேக்குமா?"

"வேற ரூம் தர்றேன்பா" என்றாள்.

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. சார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கடிதத்தை மடிக்காமல் ஒரு அட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு, கல்லூரிக்கு வழக்கத்தைவிட முன்னதாகவே வந்தார். அலுவலகத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று. ஆனால் அது பூட்டியிருந்தது. அட்டெண்டர் மாடிப்படிக்குப் பக்கத்து அறை வாசலுக்கு ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, தன் கைக்குட்டையால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதை நாளைக்குக் காலையில ஆபீஸ்ல குடுத்துடுங்க" என்று சார் கடிதத்தை நீட்டினார்.

"என்ன சார் இது?"

"வகுப்பை நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கேன். அந்த அம்மா பாவம், எனக்காக எத்தனை நாள் அலைவாங்க? நான் மக வீட்டுக்குப் போறேன்."

அட்டெண்டர் கடிதத்தை வாங்கவில்லை. கைக்குட்டையை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"யோசிச்சு எடுத்த முடிவுப்பா" என்றார் சார். "முகத்தைப் பார்க்காதீங்க. வாங்கிக்கங்க."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த அம்மா ஏறி வந்தார். ஒரு கையில் சரிசெய்த குடை, இன்னொரு கையில் பிஸ்கட் பொட்டலம். இரண்டு பேரும் வாசலில் நிற்பதையும், நடுவில் ஒரு தாள் நீட்டியபடி இருப்பதையும் பார்த்துவிட்டு, படியின் கடைசிக் கட்டிலேயே நின்றுகொண்டார். அட்டெண்டர் அவரைப் பார்த்தார். அவர் வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தார். அட்டெண்டர் சாரின் முகத்தைப் பார்த்தார். பிறகு பார்க்காமல் இருப்பதற்காகத் தரையைப் பார்த்தார்.

"இதைக் குடுக்க முடியாது சார்" என்றார் அட்டெண்டர். "வகுப்பை மழைக்கு முன்னாலயே நிறுத்திட்டாங்க, ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடுன்னாங்க, அக்காகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன், உங்ககிட்டதான் எப்போ சொல்றதுன்னு இன்னும் முடிவு பண்ணல."